அரை வயிறும் ஐந்து மைலும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் முன்னிலையில் நாம் தடாலென்று கீழே விழுந்தோம். கரும்பலகையில் செங்கோண முக்கோணம் ஒன்று போட்டு, கர்ணத்தின் வர்க்கத்தை எழுதிக் கொண்டிருந்தது வரையில் ஞாபகம் இருக்கிறது. மறுபடியும் பிரக்ஞை வந்தபோது, தலைமாட்டில் தலைமை ஆசிரியர் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக் கொண்டிருந்தார். கால்மாட்டில் நாற்பது பையன்கள் வாய் பிளந்து நின்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. கணக்கு வகுப்பில் மாணவனுக்கு மயக்கம் வருவது உலக வழக்கம். வாத்தியாருக்கே வருவதை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

நமக்கு வந்தது வியாதி என்று நேயர்கள் எண்ணி அனுதாபப்பட வேண்டாம். ஆரோக்கியத்தைத் தேடிப் போனதன் பலன் அது. நமக்கு வயது 46. உயரம் ஐந்தடி ஆறங்குலம். வைகாசிக் கடைசியில் எடை 82 கிலோ. "சர்க்கரை வியாதி இன்னும் உள்ளே வரவில்லை, வாசற்படியில் நிற்கிறது. எட்டுப் பத்துக் கிலோவைக் குறையுங்கள், சார்" என்று டாக்டர் எச்சரித்தார். எத்தனை நாளில் என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆறு மாதக் காரியத்தை ஆறே வாரத்தில் முடித்து அவரைத் திடுக்கிடச் செய்வது என்று நாமாகவே தீர்மானித்துக் கொண்டோம்.

ஆனி முதல் தேதி விரதம் ஆரம்பமாயிற்று. காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி மூன்று மைல், மாலையில் இரண்டு மைல் நடை. ஆகாரமோ, காலையில் இரண்டு இட்லி. மத்தியானம் ஒரு கரண்டிச் சாதம், ரசம், ஒரு காய். மாலையில் சர்க்கரையில்லாத தேநீர். இரவில் இரண்டு சப்பாத்தி. முதல் வாரத்திலேயே மூன்று கிலோ குறைந்து விட்டது! ஆசிரியர் அறையில் நம்முடைய புகழ் பரவியது. இடுப்பு பெல்ட்டுக்குப் புதுத் துளை போட்டுக் கொண்டோம்.

அந்த உற்சாகத்தில் சில சில்லறைச் சங்கதிகளைக் கவனிக்கத் தவறினோம். ஆனி மாதத்து வெக்கையில் நமக்கு மட்டும் குளிர்ந்தது; இரவில் கம்பளி கேட்டோம். மாடிப்படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைத் தேடினோம். வீட்டில் யாராவது "காபி ஆறிவிட்டது" என்று சொன்னாலும் கோபம் வந்தது. எல்லாவற்றையும் விட வெட்கக்கேடான விஷயம் ஒன்று உண்டு. இரவு பத்து மணிக்கு, எல்லோரும் தூங்கிய பிறகு, கைப்பேசியில் மைசூர்பாகு கிண்டும் வித்தையைத் தினந்தோறும் பார்த்துக் கொண்டிருந்தோம். ஆயுளில் நாம் அடுப்புப் பற்ற வைத்தவர் அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாவது வாரத்தில் தராசு முள் 75-ல் நின்று அசைய மறுத்தது. புத்தியுள்ளவன் என்றால் அங்கே யோசித்திருப்பான். நாம் இரவுச் சப்பாத்தியில் ஒன்றைக் குறைத்தோம். அடுத்த வாரந்தான் மேலே சொன்ன பைதகோரஸ் விபத்து.

"நீங்கள் கணக்கு வாத்தியார்தானே?" என்றார் டாக்டர். "வாருங்கள், கூட்டிப் பார்க்கலாம்."

அவர் போட்ட கணக்கு இதுதான். ஒரு கிலோ தண்ணீரின் உஷ்ணத்தை ஒரு டிகிரி உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பம், ஆகார விஷயத்தில் ஒரு கலோரி எனப்படும். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. நாம் சாப்பிட்டதைக் கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு 900 கலோரி தேறுவதே கஷ்டம். ஐந்து மைல் நடைக்கு நம் எடையில் ஏறக்குறைய 400 போய்விடும். மிச்சம் 500. ஆனால் நம்மைப் போன்ற ஆசாமி ஒருவன் விரலைக் கூட அசைக்காமல் பாயில் படுத்திருந்தாலும், ஹிருதயமும் மூளையும் ஈரலும் சிறுநீரகங்களும் வேலை செய்ய 1,600 கலோரி வேண்டும்!

"மீதிக்குத்தான் தொப்பையில் கொழுப்பு இருக்கிறதே, டாக்டர்? அது கரையட்டுமே என்றுதானே இந்தப் பாடு!" என்றோம்.

"கொழுப்பு மட்டும் கரைந்தால் பாதகமில்லையே! முதல் வாரத்து மூன்று கிலோவில் பெரும் பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் மாவுச்சத்தின் சேமிப்பு ஒன்று உண்டு. அது ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். சேமிப்புத் தீர்ந்தால் தண்ணீரும் வெளியேறும். அப்புறம் உடம்பு கொழுப்பை எடுக்கும். தசையையும் சேர்த்து அரிக்கும். கூடவே, வரவு குறைந்துவிட்டது என்று கண்டு செலவையும் சுருக்கிக் கொள்ளும். உங்களுக்குக் குளிர்ந்ததும் தராசு நின்றதும் அதனால்தான்" என்றார் அவர். அத்துடன், மினியாபொலிஸ் நகரத்தில் நடந்த ஒரு பழைய பரிசோதனையைப் படித்துப் பார்க்கும்படி சொன்னார். படித்தோம், படித்த இரவு தூக்கம் வரவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடியும் தறுவாயில், ஐரோப்பாவில் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்கு மறுபடியும் எப்படி, எவ்வளவு சோறு போடுவது என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. அதைக் கண்டுபிடிப்பதற்காக மினஸோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸல் கீஸ் என்ற விஞ்ஞானி 1944 நவம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஆயுதம் எடுத்துக் கொல்ல மனச்சாட்சி இடங்கொடாது என்று யுத்தத்தில் சேர மறுத்த வாலிபர்கள், தங்கள் உடம்பைச் சோதனைக்குக் கொடுக்க முன்வந்தார்கள். அவர்களில் திடகாத்திரமான 36 பேர் பொறுக்கி எடுக்கப்பட்டார்கள். கால்பந்து மைதானத்துப் பார்வையாளர் மேடைக்கு அடியிலிருந்த அறைகளில் அவர்களுக்கு வாசம். முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு சுமார் 3,200 கலோரி நல்ல சாப்பாடு. 1945 பிப்ரவரி 12 முதல் 24 வாரம் அரைப் பட்டினி: ரொட்டி, உருளைக்கிழங்கு, கோஸ், டர்னிப் கிழங்கு என்று தினம் இரண்டு வேளை, மொத்தம் சுமார் 1,570 கலோரி. வாரத்துக்கு 22 மைல் கட்டாய நடை.

இந்த இரண்டு எண்களையும் நேயர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம். அரைப் பட்டினி என்று விஞ்ஞானிகள் பெயரிட்டது 1,570 கலோரியை. இன்றைக்குக் கைப்பேசியில் வரும் 'ஒரே மாதத்தில் பத்துக் கிலோ' விளம்பரங்கள் பல 1,200-ஐயும் அதற்குக் குறைவானதையும் தாராளமாகச் சிபாரிசு செய்கின்றன. நாமோ 900 சாப்பிட்டு, வாரத்துக்கு 35 மைல் நடந்து, அந்த அமெரிக்க வாலிபர்களைச் சுலபமாகத் தோற்கடித்திருந்தோம்.

அவர்களுக்கு என்ன நேர்ந்தது? ஆறு மாதத்தில் உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. நிமிஷத்துக்கு 55 தடவை துடித்த நாடி 35-க்கு இறங்கியது. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் உஷ்ணம் சுமார் நூற்றுக்கு நாற்பது குறைந்தது. கோடைக் காலத்திலும் போர்வை கேட்டார்கள். முடி உதிர்ந்தது, கணுக்காலில் நீர் கோத்தது, உட்காருமிடத்தில் சதை வற்றியதால் தலையணையைக் கையோடு தூக்கிக் கொண்டு போனார்கள். அறிவுச் சோதனைகளில் குறைவு தெரியவில்லை. ஆனால் எதிலும் மனம் செல்லவில்லை என்று அவர்கள் புலம்பினார்கள். சினேகமும் சிரிப்பும் போய், அற்ப விஷயத்துக்கெல்லாம் சிடுசிடுப்பு வந்தது. தட்டை நக்கினார்கள். ஆகாரம் ஒன்றைத் தவிர வேறு பேச்சு இல்லை. பலர் சமையல் புத்தகங்களைச் சேகரித்து, நாவல் படிப்பது போல இரவில் படித்தார்கள்.

மைசூர்பாகு! நாம் புத்தகத்தைக் கீழே வைத்து விட்டோம்.

பிறகு ஆகாரத்தைக் கூட்டத் தொடங்கிய காலத்திலும் துன்பம் உடனே தீரவில்லை. ஒருவர் விறகு பிளக்கும்போது கோடரியால் கைவிரல் மூன்றை வெட்டிக் கொண்டார். தவறிப் பட்டதா, வேண்டுமென்றே செய்ததா என்று அவராலேயே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இழந்த சதையைத் திரும்பக் கட்ட நாளுக்கு 4,000 கலோரி போல வேண்டியிருந்தது. அப்போதும் முன்னால் வந்து உட்கார்ந்தது கொழுப்பு. தசை பின்னால் மெதுவாக வந்தது. பட்டினி கிடந்து இளைத்தவர்கள் சில மாதத்தில் பழையதற்கு மேல் பருத்துப் போகும் அதிசயத்துக்கு இங்கே விளக்கம் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைக்கும் போட்டி ஒன்றில் கலந்து கொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து, 2016-ல் அறிக்கை வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ இழந்தவர்களுக்கு 41 கிலோ திரும்பி வந்திருந்தது; அவர்கள் உடம்பு, அந்த எடைக்கு எரிக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு 500 கலோரி குறைவாகவே எரித்துக் கொண்டிருந்தது.

நியாயமாகப் பேச வேண்டுமானால் ஒன்று சொல்ல வேண்டும். மினஸோட்டா வாலிபர்கள் ஒல்லியானவர்கள். இழக்கக் கொழுப்பு இல்லாதவர்கள். மிகவும் ஸ்தூல சரீரம் உடையவர்களுக்கு டாக்டர்களே 800 கலோரிக்குக் கூட இறக்கி வைத்தியம் செய்வதுண்டு. வாராவாரம் ரத்தம் பார்த்து, பித்தப்பையில் கல் வருகிறதா என்று கவனித்துச் செய்கிறார்கள். அதைப் பார்த்து நாம் வீட்டில் செய்யலாகாது. சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக் கொள்பவர்கள், மருந்தை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் வரும் ஆபத்து நம்முடைய மயக்கத்தைவிடப் பெரியது.

டாக்டர் நமக்குக் கொடுத்த புதுத் திட்டம், எல்லா நடையும் சேர்ந்து நாம் செலவிடும் 2,500 கலோரியில் 500 மட்டும் குறைத்து, 2,000 சாப்பிடுவது. "இரண்டாயிரமா!" என்று கூவினோம். ஒரு கிலோ உடற் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. ஆகையால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். சாதத்தை விரட்ட வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் பருப்பையும் கீரையையும் பெருக்க வேண்டும். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும்: சுண்டல், பாசிப்பயறு, தயிர், சாப்பிடுகிறவர்களுக்கு முட்டையும் மீனும். வாரத்தில் இரண்டு நாள் தண்டாலும் பஸ்கியும் எடுத்தால் தசை கரையாது. எண்ணெயில் மட்டும் கண் வேண்டும்; ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 45 கலோரி மறைந்திருக்கிறது, தாளிக்கும் கை அதை அளப்பதில்லை.

சாப்பிட ஆரம்பித்ததும் எடை 78-க்கு ஏறியது. போன தண்ணீர் திரும்பிற்று. கம்பளி பெட்டிக்குள் போயிற்று.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம். புரட்டாசியில் ஒரு நாள் இரவு, நம் மனையாள் அருகில் வந்து உட்கார்ந்து, "உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பெரியவளுக்கு மூன்று மாதமாகத் தூரம் வரவில்லை" என்றாள்.

நம் மூத்த பெண்ணுக்கு வயது 17. எடை 49 கிலோ இருந்தவள். குறைக்க அவளிடம் என்ன இருந்தது? விசாரித்தபோதுதான் வெளிவந்தது. ஆனி மாதத்திலிருந்து அவளும் இரவுச் சாப்பாட்டை "பசியில்லை" என்று நிறுத்தியிருந்தாள். காலையில் டிபன் டப்பாவில் போன இட்லி சிநேகிதிகளுக்குப் போயிற்று. நாம் தெப்பக்குளத்தைச் சுற்றிய வேளையில் அவள் மொட்டை மாடியில் ஓடியிருக்கிறாள். எடை 43.

"ஏனம்மா இப்படிச் செய்தாய்?" என்று கேட்டோம்.

"நீங்கள் செய்தபோது எல்லோரும் கொண்டாடினார்களே, அப்பா?" என்றாள்.

பதில் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை.

பெண் டாக்டரிடம் அழைத்துச் சென்றோம். வேறு காரணங்கள் இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டு, அவர் பொறுமையாக விளக்கினார். உழைப்புக்குப் போக மிஞ்சும் ஆகாரம் போதாதபோது, உயிர் வாழ அவசியமில்லாத காரியங்களை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. மாதவிலக்கு அவற்றில் முந்தியது. அதோடு ஈஸ்ட்ரஜன் குறைந்து, ஆயுளுக்கும் எலும்பு சேர வேண்டிய வயதில் எலும்பு மெலிகிறது. ஓட்டப் பந்தயக்காரிகளிடம் இதை வெகுநாளாகக் கண்டிருந்தார்கள். ஆண்களுக்கும் இதே கதி உண்டென்று, 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர்கள் ஓர் அறிக்கையில் சொன்னார்கள். முன்னாளில் நம் குன்னூரில் இருந்து 1958-ல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தின் 2020-ஆம் வருஷத்து அட்டவணையை அவர் எடுத்துக் காட்டினார். உட்கார்ந்து வேலை செய்யும் 65 கிலோ ஆணுக்கு 2,110 கலோரி. 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு 2,500. தகப்பனைவிடப் பெண்ணுக்கு அதிகச் சோறு வேண்டும் என்று எந்த வீட்டில் பரிமாறுகிறார்கள்? நம் வீட்டில் இல்லை.

ஓட்டம் நிறுத்தப்பட்டது. அவள் ஒரே நாளில் மனம் மாறிவிடவில்லை. தட்டின் முன்னால் அழுத இரவுகளும் உண்டு. மனோதத்துவ ஆலோசனைக்கும் சில தடவை அழைத்துச் சென்றோம். வீட்டிலிருந்த எடை இயந்திரத்தைப் பரணில் போட்டோம். ஆசிரியர் அறையில் யாராவது நம் இடுப்பைப் பார்த்துப் பாராட்டினால் பேச்சை மாற்றினோம். மார்கழியில் ஒரு நாள் காலை, கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த நம் மனையாள், "வந்துவிட்டது" என்று ஒரு வார்த்தை மாத்திரம் சொல்லிவிட்டுப் போனாள். அதே மாதத்தில் நம் எடையும் 72-க்கு இறங்கியதாக டாக்டரின் தராசு சொல்லிற்று. அந்தச் செய்தியை வீட்டில் யாரும் கேட்கவில்லை.

தையிலிருந்து டாக்டரின் அனுமதியோடு பெண் பள்ளி மைதானத்தில் ஓடுகிறாள். போகுமுன் இரண்டு வாழைப்பழம், வந்ததும் பசி. நேற்று மாலை நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஐந்தாவது தோசைக்குத் தட்டை நீட்டினாள். நமக்கு மூன்றாவது இன்னும் வந்து சேரவில்லை. "மாவு தீர்ந்துவிட்டது!" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.