அண்மை விளைவு: செம்பில் படரும் மீக்கடத்துத்திறன்

செம்பை எவ்வளவு குளிர்வித்தாலும் அது தானாக மீக்கடத்தியாக மாறக் கண்டதில்லை. அலுமினியமோ 1.2 கெல்வினுக்குக் கீழே மின்தடையை முற்றிலும் இழக்கிறது. இவ்விரண்டையும் ஒட்டவைத்தால், எல்லையை அடுத்த சிறு தொலைவுக்குச் செம்பும் மீக்கடத்தியின் இயல்பைப் பெறுகிறது. இதனையே அண்மை விளைவு என்கிறோம். அலுமினியத்தின் குளிர்ச்சி செம்புக்குப் பரவுவதாக மாணவர் எண்ணிவிடலாகாது. இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் உள்ளன. பரவுவது எலக்ட்ரான்களின் இணக்கம்.

மீக்கடத்தியினுள் எலக்ட்ரான்கள் இணை இணையாக இயங்குகின்றன. குறைந்த ஆற்றலுடைய தனி எலக்ட்ரானுக்கு அங்கே இடமில்லை. ஆகவே, செம்பிலிருந்து எல்லைக்கு வரும் எலக்ட்ரான் இன்னொன்றைத் துணை சேர்த்துக்கொண்டே உள்ளே நுழைகிறது. அத்துணை நீங்கிய இடம் ஒரு துளையாகச் செம்புக்குள் திரும்புகிறது. 1964இல் ஆண்ட்ரேயெவ் இதனை விளக்கினார். துளை என்றதும் வெறுமை நினைவுக்கு வரும். இங்கோ அது நேர்மின்னூட்டம் உடையதுபோல் நகரும் ஒன்று.

இனி நம் கேள்விக்கு வருவோம். நுண்ணிய செம்புக் கம்பியில் மாசுகளும் படிகக் குறைகளும் மலிந்துள்ளன. சந்தை நெரிசலில் அகப்பட்டவரைப் போல, எலக்ட்ரான் ஓயாது மோதித் திசைமாறுகிறது. இத்தகைய ஒழுங்கின்மையில் இணக்கம் எவ்வாறு பிழைக்கிறது?

விடை, துளை திரும்பும் பாதையில் உள்ளது. எலக்ட்ரான் வந்த அதே வழியை, ஒவ்வொரு திருப்பத்தோடும், துளை பின்னோக்கி நடக்கிறது. வரும்போது அலைக்கட்டத்தில் நேர்ந்த மாற்றத்தைத் திரும்பும்போது அது நீக்கிவிடுகிறது. மோதல்கள் எத்தனையாயினும் கணக்கு நேராகிறது. வெப்பமே உண்மையான பகை: அது எலக்ட்ரானுக்கும் துளைக்கும் இடையே சிறு ஆற்றல் வேறுபாட்டைத் தருகிறது, நெடுவழியில் அவற்றின் கட்டங்கள் விலகிப்போகின்றன. எனவே, குளிர்விக்கக் குளிர்விக்க விளைவு மேலும் தொலைவு செல்லும். ஆயினும், தட்டுத் தடுமாறிச் செல்லும் இயக்கமாதலால், வெப்பநிலை நான்கில் ஒரு பங்கானால் தொலைவு இரு மடங்கே ஆகிறது. ஒரு கெல்வினுக்கும் கீழே அத்தொலைவு மைக்ரோமீட்டர் அளவை நெருங்கும்.

1996இல் பிரான்சின் சாக்ளே ஆய்வகத்தார், அலுமினியத்தைத் தொடும் செம்புக் கம்பியில் வெவ்வேறு தொலைவுகளில் நுண்முனைகளை அமைத்து, விளைவு படிப்படியாகத் தேய்வதை நேரே அளந்தனர்.

இன்னொரு வியப்பும் உண்டு. ஒரு முனை மட்டும் மீக்கடத்தியைத் தொடும் கம்பியைக் குளிர்வித்தால் அதன் தடை முதலில் குறைகிறது. மேலும் குளிர்வித்தால் மீண்டும் உயர்ந்து பழைய அளவை நோக்கிச் செல்கிறது. அந்நிலையில், இணக்கத்தால் கிடைக்கும் ஆதாயத்தை, எலக்ட்ரான்கள் அமரத்தக்க ஆற்றல் நிலைகளின் குறைவு ஈடுசெய்துவிடுகிறது.