கல்லாவுக்கு எதிரே நிற்பவர்

மாலையில் பள்ளிக்கூடம் விட்டதும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் முடிச்சூர் சாலையிலும் நம் கடைகளுக்கு முன்னால் சைக்கிள்கள் வந்து நிற்கும். கடலை மிட்டாய், ரீபில், ஐந்து ரூபாய் சிப்ஸ் என்று வாங்கிக்கொண்டு பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள். கூட்டம் குறைந்த பிறகு ஒரு பையன் மட்டும் தயங்கி நின்று, குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, அது இருக்கா?" என்பான். எது என்று நாம் கேட்பதில்லை. நமக்கே தெரியும்.

அந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதிலைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. போதைப் பழக்கத்தைத் தடுப்பது போலீசும் டாக்டரும் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை என்று நாம் ஒதுங்கி இருக்கிறோம். ஆனால் போலீசும் டாக்டரும் அந்தப் பையனைப் பார்ப்பது கடைசியில்தான். முதலில் பார்ப்பவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒருமுறை தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. 2001-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் குட்காவுக்குத் தடை வந்தது. 2004-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. பிறகு 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மீண்டும் தடை விதித்து, அதை ஆண்டுதோறும் நீட்டித்து வந்தார்கள். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்ததும் நம்மில் சிலர் அவசரப்பட்டுச் சரக்கு எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. எடுத்த சரக்கு எடுத்தவர் தலையில்தான் விடிந்தது.

தடை இல்லாத சிகரெட், பீடிக்கும் கட்டுப்பாடு உண்டு. 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. இதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான் என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் வேறு கதை. அதன் 77-ஆவது பிரிவின்படி, ஒரு சிறுவனுக்குப் புகையிலைப் பொருளோ மதுவோ கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. "அப்பாவுக்கு வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்று பையன் சொல்வதை நம்பிக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே நம் உறுப்பினர்கள் கேட்பது நமக்குக் கேட்காமல் இல்லை. "லாரி லாரியாக வருகிறதே, அதைத் தடுக்க முடியவில்லை, பத்துப் பாக்கெட் வைத்திருக்கும் பெட்டிக்கடைக்குச் சீல் வைக்கிறார்கள்" என்கிறார்கள். உண்மைதான். குட்கா விவகாரத்தில் மேலிடம் வரை குற்றச்சாட்டு எழுந்து, 2018-இல் உயர் நீதிமன்றமே வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைக்க நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. சிறு வியாபாரி மட்டுமே பிடிபடுவது அநியாயம் என்பதில் நமக்கு இரண்டு கருத்து கிடையாது. அதற்காகப் போராடுவோம். ஆனால் மேலே இருப்பவர் செய்த தப்பு, கல்லாவுக்கு எதிரே நிற்கும் பையனின் உதட்டுக்குள் போவதை நியாயப்படுத்தாது. 'கூல் லிப்' என்னும் பொட்டலம் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவியிருப்பதைக் கண்டு 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது. உதட்டின் உள்ளே ஒதுக்கிக்கொண்டால் வகுப்பில் ஆசிரியருக்குக்கூடத் தெரியாது. வீட்டில் அம்மாவுக்கும் தெரியாது. விற்றவருக்கு மட்டும் தெரியும்.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று உண்டு. எலி பேஸ்ட். தடை வருவதற்கு முன்பு நடந்ததாக நம் உறுப்பினர் ஒருவர் சொன்னது. இரவு கடை கட்டும் நேரம். தெரிந்த பெண், வாரக் கணக்கு வைத்திருப்பவர், முகம் வீங்கி வந்து எலி பேஸ்ட் கேட்டிருக்கிறார். கூட யாரும் இல்லை. இவர் கையை நீட்டி எடுக்கப் போனவர், ஏனோ நிறுத்திக்கொண்டு, "ஸ்டாக் தீர்ந்து போச்சும்மா, காலையில லைன் வண்டி வரும். உட்காரு, ஒரு சோடா குடி" என்றாராம். சோடாவைக் கையில் வாங்கியதும் அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டார். கடைப் பையனை அனுப்பி, இரண்டு தெரு தள்ளியிருந்த அவர் அண்ணனை வரவழைத்து, கூட்டி அனுப்பியிருக்கிறார். இன்றும் அந்தப் பெண் அதே கடையில்தான் சாமான் வாங்குகிறார். அந்த ராத்திரியைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

அவர் செய்தது அதிர்ஷ்டம் என்று அவரே நினைக்கிறார். அது அதிர்ஷ்டம் மட்டும் அல்ல. உயிரை விட்டுவிடலாம் என்ற வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்து வேகம். அந்த நேரத்தில் கைக்குப் பொருள் எட்டாவிட்டால் பலர் தப்பித்துவிடுகிறார்கள் என்பது மருத்துவர்கள் பல நாடுகளில் கண்ட உண்மை. பக்கத்திலேயே இலங்கையைப் பாருங்கள். 1995-இல் அங்கே லட்சம் பேருக்கு 47 பேர் இப்படி இறந்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளை 1995-லும் 1998-லும் விற்பனையிலிருந்து நீக்கினார்கள். 2005-இல் அந்தக் கணக்கு 24 ஆகிவிட்டது. அந்தப் பத்தாண்டில் அங்கே சண்டையும் கஷ்டமும் தீர்ந்துவிடவில்லை. மாறிய முக்கியமான விஷயம், கடை அலமாரியில் இருந்த சரக்கு.

நம் பக்கத்திலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய 'சினேகா' அமைப்பு, கடலூர் மாவட்டக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பொது இடத்தில் பூட்டும் சாவியுமாகப் பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்தது. விவசாயி தேவைப்படும்போது போய் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கிராமங்களில் சாவுகள் குறைந்தன. 2022-இல் சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன், எலி மருந்தைக் கடையில் பார்வையாகத் தொங்கவிட வேண்டாம், தனி ஆளாக வந்து கேட்பவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று வியாபாரிகளைக் கேட்டுக்கொண்டார். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் விற்பனைக்கே அரசு தடையும் கொண்டுவந்தது. பழைய ஸ்டாக் மேல் பரணில் கிடந்தால் வெளியே எடுத்து ஒழித்துக்கட்டுங்கள். "கிடக்கட்டும், எலிக்கு ஆகும்" என்ற பேச்சு வேண்டாம்.

டாஸ்மாக் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களையும் இங்கே சொல்லாமல் முடியாது. தண்ணீர், கப், ஊறுகாய், சுண்டல் என்று அவர்களுக்கு அது ஒரு வியாபாரம். பிளாஸ்டிக் கப் 2019 முதல் தடை என்பது தனி விஷயம்! கடையை மூடு என்று அவர்களிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. தினமும் வந்து கப் வாங்குபவரின் பெயராவது தெரிந்து வைத்திருக்கலாம். அவர் வீட்டுக்காரம்மா மறுநாள் நம்மிடமே வந்து கடனுக்கு அரிசி கேட்பார்.

வெளியாரைச் சொல்லிவிட்டு நம் வீட்டை விட்டுவிடக் கூடாது. காலை ஐந்து மணிக்குக் கதவைத் தூக்கி, இரவு பதினொரு மணிக்கு இறக்குகிறோம். தண்டல்காரர் ஒரு பக்கம், பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவரும் கம்பெனிகள் மறு பக்கம். கல்லாவை எண்ணி முடித்ததும் "ஒரு கட்டிங்" என்று தொடங்கியவர்கள், அது இல்லாமல் தூக்கம் வராத நிலைக்கு வந்திருப்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்து மூட்டைகளுக்கு நடுவே படுத்துத் தூங்கும் கடைப் பையனும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வாரத்தில் அரைநாள் அவனுக்கு லீவு கொடுத்தால் வியாபாரம் படுத்துவிடாது.

குடி பணக்காரன், ஏழை பார்ப்பதில்லை. டி.டி.கே. என்ற பெரிய வணிகக் குடும்பத்தின் மருமகள் சாந்தி ரங்கநாதன், கணவரை மதுவுக்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை மூடி மறைக்காமல், 1980-இல் குடிநோய்க்கென்றே சிகிச்சை நிலையம் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அதுதான். குடிப்பவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்து அனுப்பாமல், குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசுவது அங்கே வழக்கம். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வணிகக் குடும்பம் ஒன்று வெளியே சொல்லத் துணிந்ததை, நம் கடை வீதியில் இன்னும் "வயிற்று வலி, ஆஸ்பத்திரியில் இருக்கிறார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மனம் சரியில்லை என்று யாராவது சொன்னால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை அது. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். கடைக்கு நாம் கொடுக்கும் காலண்டர் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில், வாடிக்கையாளர் கண்ணில் படும்படி, பெரிய எழுத்தில் அந்த எண்ணை எழுதி வையுங்கள். நமக்கே ஒருநாள் தேவைப்பட்டாலும் தேட வேண்டியிருக்காது.