நோவு தணிக்கும் மருந்தும் மலச்சிக்கலும்

திருகோணமலை மாவட்டத்திலே, கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூரை அடுத்துள்ளது தோப்பூர். இத்தகைய ஊர்களிலே, முற்றிய புற்றுநோயாளர் பலர் தம் இறுதி நாட்களை வீட்டிலேயே கழிக்க விரும்புவர். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையிலிருந்து திரும்புவோரிற் சிலர் மோர்பீன் குளிசைகளுடன் வருவர். கடும் நோவுக்கு மோர்பீன் போன்ற மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. ஆயினும், நோவு தணிந்த சில நாட்களில் வேறொரு துன்பம் தலைகாட்டுகிறது. அதுவே மலச்சிக்கல்.

இதன் காரணம் யாது? மோர்பீன் மூளையிலும் முள்ளந்தண்டிலும் நோவை அடக்குவதுபோலவே, குடற்சுவரிலுள்ள நரம்புகளிலும் சென்று பற்றுகிறது. உணவுச் சக்கையை முன்தள்ளும் அலையசைவு அதனாற் தளர்கிறது. சக்கை நெடுநேரம் தங்க, அதன் நீர் உறிஞ்சப்பட்டு மலம் இறுகுகிறது. இம்மருந்து தரும் குமட்டலும் தூக்கமயக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் தணியும். மலச்சிக்கலோ அவ்வாறு தணிவதில்லை. எனவே, மோர்பீன் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியையும் தொடங்குவது முறை.

நிலாவாரையிலிருந்து செய்யப்படும் சென்னா குளிசை குடலைத் தூண்டும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் பயன் தருமாதலால் அதனை இரவில் உட்கொள்வர். லக்டுலோசுப் பாகு குடலில் நீரைச் சேர்த்து மலத்தை இளக்கும். இசப்புக்கோல் போன்ற நார்ப்பொருள்களோ, நீர் குறைவாக அருந்தும் நோயாளிக்கு அடைப்பையே உண்டாக்கலாம். இவற்றுக்கு இணங்காதோர்க்கு மெதில்நல்ட்ரெக்சோன் என்னும் ஊசிமருந்து 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது மூளைக்குள் எளிதிற் புகாமையால், நோவுத் தணிப்பைக் கெடுக்காமற் குடலை மட்டும் விடுவிக்கிறது.

வீட்டார் கவனிக்கவேண்டியவை இரண்டு. பல நாள் மலம் போகாதிருந்தவர்க்குத் திடீரென நீராய்க் கசிந்தால், அதனை வயிற்றோட்டமென எண்ணி மலமிளக்கியை நிறுத்திவிடலாகாது. இறுகிய மலத்தைச் சுற்றி வழியும் நீராகவும் அது இருக்கலாம். வைத்தியர் பரிசோதித்தே முடிவு செய்வார். வயிறு உப்பி, முறுக்கி வலித்து, வாந்தியும் கண்டு, காற்றும் பிரியாதிருந்தால் குடலடைப்பாக இருக்கக்கூடும். அப்போது மலமிளக்கி எதுவும் கொடாமல் உடனே வைத்தியசாலையை நாடவேண்டும்.

காலை உணவுக்குப் பின் குடல் இயல்பாக அசையும். அவ்வேளையில், மறைவான இடத்தில், பாதங்களைச் சிறு பலகைமேல் உயர்த்தி அமரச் செய்தல் நன்று. மலச்சிக்கலுக்கு அஞ்சி மோர்பீனைத் தாமாகவே நிறுத்தி நோவில் துடிப்போரும் உளர். நோவையோ சிக்கலையோ ஒன்றைத் தேர்ந்து சகிக்கவேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை. இரண்டுக்கும் மருந்து உண்டு. மலம் கழியாத நாட்களைக் குறித்து வைத்து, அதனைத் தயங்காது வைத்தியரிடம் சொல்வதே வீட்டார் செய்யத்தக்க பேருதவி.