பந்துக்குள் புகுந்த குளிர்

2015 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குத் தென்மேற்கே ஃபாக்ஸ்பரோவில் உள்ள ஜில்லெட் ஸ்டேடியம். வெளியே குளிரும் மழையும். ஆட்டம் பாதியில் நிற்கிறது. நடுவர்களின் அறையில் மட்டும் பரபரப்பு. பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து, அதன் வால்வில் மீட்டரின் ஊசியைச் செருகி, ஒருவர் எண்ணைச் சொல்கிறார்: 11.50. அதே பந்தில் வேறொரு மீட்டரைச் செருகி இன்னொருவர் சொல்கிறார்: 11.80. மூன்றாமவர் இரண்டையும் தாளில் எழுதிக்கொள்கிறார். அடுத்த பந்து: 10.85, 11.20. இப்படியே பதினோரு பந்துகள். விதிப்படி இருக்கவேண்டிய குறைந்தபட்ச அளவு 12.5. பதினொன்றில் ஒன்றுகூட அதைத் தொடவில்லை.

அந்தத் தாளால் ஒரு அணி 10 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அமெரிக்காவின் மிகப் பெரிய ஆட்டக்காரர் ஒருவர் நான்கு ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. வாட்டர்கேட் ஊழலின் வாலை ஒட்டவைத்துப் பத்திரிகைகள் அதற்கு ‘டிஃப்ளேட்கேட்’ என்று பெயரும் சூட்டின. இத்தனைக்கும் நடுவே இருந்த கேள்வி பள்ளிக்கூடத்து இயற்பியல் கேள்விதான்: பந்திலிருந்த காற்று எங்கே போனது?

பந்தின் சொந்தக்காரர்கள் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியினர். பயிற்சியாளர் பில் பெலிசெக். பந்தை வீசும் குவாட்டர்பேக் டாம் பிரேடி. 2014 சீசனை அவர்கள் தொடங்கிய விதம் சுமார்தான். செப்டம்பர் தொடக்கத்தில் மியாமியில் 20-33 என்று தோல்வி. அதே மாதக் கடைசியில் கேன்சஸ் சிட்டியில் 14-41 என்று மரண அடி. பிரேடியின் காலம் முடிந்துவிட்டது என்றே பலர் எழுதினார்கள். ஆனால் 16 ஆட்டங்கள் முடிந்தபோது கணக்கு 12 வெற்றி, 4 தோல்வி. ஜனவரி 18 அன்று நடந்தது அரையிறுதி போன்ற ஆட்டம். எதிரணி இண்டியனாபொலிஸ் கோல்ட்ஸ்.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில் காலைவிடக் கைக்குத்தான் வேலை அதிகம். பந்து இரு முனையும் கூம்பிய நீள்வடிவம். மாட்டுத்தோல் மேலுறை, உள்ளே காற்றடைத்த பை, பிடிமானத்துக்கு ஒரு தையல் வரி. எடை 400 கிராமுக்குச் சற்று மேல். அதைச் சுழலவிட்டு வீசுபவருக்குப் பிடிதான் உயிர். காற்று சற்றுக் குறைந்த பந்து விரல்களுக்கு அடியில் லேசாகக் குழையும், உள்ளங்கையில் கூடுதல் இடம் ஒட்டும், மழையில் நழுவாது. பிரேடிக்கு மென்மையான பந்து பிடிக்கும். கிரீன் பே அணியின் ஆரன் ராட்ஜர்ஸோ கெட்டியான பந்தே தனக்குத் தோது என்று சொன்னவர். 2006 முதல் ஒவ்வொரு அணியும் தான் தாக்கி ஆடும்போது தன் சொந்தப் பந்துகளையே பயன்படுத்தலாம். ஒரே நிபந்தனை, அழுத்தம் 12.5-க்கும் 13.5-க்கும் இடையில் இருக்கவேண்டும். அலகு பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர அங்குலப் பரப்பில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற கணக்கு. பெட்ரோல் பங்கில் வண்டிக்குக் காற்றடிக்கும்போது “முன்னாடி 25, பின்னாடி 30” என்று சொல்கிறோமே, அதே அலகு.

முதல் பாதியில் பிரேடி வீசிய ஒரு பந்தைக் கோல்ட்ஸ் ஆட்டக்காரர் இடைமறித்துப் பிடித்தார். பந்து கோல்ட்ஸ் தரப்பின் கைக்குப் போனது. அமுக்கிப் பார்த்தார்கள், அளந்தார்கள், புகார் சொன்னார்கள். அதன் விளைவுதான் இடைவேளையில் நடந்த அந்தச் சோதனை.

யாரோ ஊசியால் காற்றை இறக்கியிருக்கிறார்கள் என்பது ஊர் முழுக்க எழுந்த சந்தேகம். பெலிசெக் வேறொரு விளக்கம் சொன்னார்: பந்துகளைச் சூடான அறைக்குள் தயார் செய்தோம், குளிரில் ஆடினோம், அழுத்தம் தானாகக் குறைந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள். தொலைக்காட்சியில் அறிவியல் சொல்லிப் புகழ்பெற்ற பில் நையும் அது பொருந்தாது என்றார்.

பொருந்துமா என்று நாமே பார்த்துவிடலாம்.

பந்துக்குள் இருக்கும் காற்று சும்மா இருப்பதில்லை. அறை வெப்பநிலையில் அதன் மூலக்கூறுகள் விநாடிக்கு ஏறத்தாழ அரை கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, உட்சுவரில் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கின்றன. அந்த மோதல்களின் மொத்தத்தைத்தான் அழுத்தம் என்கிறோம். குளிர்ந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மோதலும் குறையும், மோதலின் வலுவும் குறையும். 1702 வாக்கில் பிரான்சில் கியோம் அமோன்டன் இந்த உறவைச் சோதனை செய்து பதிவுசெய்தார். இளம் வயதிலேயே செவித்திறனை இழந்தவர் அவர். குளிரக் குளிர அழுத்தம் ஒரே சீராகக் குறைகிறது என்றால், அது அடியோடு இல்லாமல் போகும் ஒரு குளிர் எங்கோ இருக்கவேண்டுமே என்று யோசித்தார். தனிச்சுழி வெப்பநிலை என்ற கருத்துக்கு அந்த யோசனையே வித்து. இன்று அதன் இடம் −273 டிகிரி செல்சியஸ் என்று அறிவோம். அங்கிருந்து எண்ணத் தொடங்குவதுதான் கெல்வின் அளவை.

இனி கணக்கு. அறை 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், கெல்வினில் 295. மைதானம் சுமார் 9 டிகிரி, கெல்வினில் 282. பந்தின் கொள்ளளவு அதிகம் மாறாது. ஆகவே அழுத்தம் 295-க்கு 282 என்ற விகிதத்தில் குறையவேண்டும். 12.5-ஐ அந்த விகிதத்தில் குறைத்தால் ஏறத்தாழ 11.95 வருகிறது. அளந்த பந்துகளோ 11 சொச்சம், சில 10 சொச்சம். அப்படியானால் பெலிசெக் சொன்னது பொய்தானா?

இங்கேதான் பலர் வழுக்கி விழுந்தார்கள். பஞ்சரான டயரில் மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்டும். டயருக்குள் காற்றே இல்லாமலா போய்விட்டது? இருக்கிறது, வெளியே இருக்கும் அதே அழுத்தத்தில் இருக்கிறது. வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே மீட்டர் சொல்லும். நம் தலைக்கு மேல் இருக்கும் வளிமண்டலம் எப்போதும் சுமார் 14.7 பி.எஸ்.ஐ. அழுத்திக்கொண்டிருக்கிறது, மீட்டர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பந்துக்குள் துள்ளும் மூலக்கூறுகளுக்கு அந்தக் கழித்தலெல்லாம் தெரியாது. அவற்றின் உண்மையான அழுத்தம் 12.5-ஐயும் 14.7-ஐயும் கூட்டிய 27.2. அதை 282/295 விகிதத்தில் குறைத்தால் 26.0. மீட்டர் காட்டப்போவது, 14.7-ஐக் கழித்தபின் மிஞ்சும் 11.3.

ஒரு ஊசியும் தொடாமல் 1.2 பி.எஸ்.ஐ. காணாமல் போயிருக்கிறது! மூலக்கூறுகளின் வேகம் நூற்றுக்கு இரண்டு பங்குதான் குறைந்தது. மொத்த அழுத்தம் நூற்றுக்கு நாலு பங்கு இறங்கியது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட அழுத்தத்தை மறைத்துக் காட்டும் மீட்டரில் அதுவே நூற்றுக்குப் பத்து பங்கு சரிவாகத் தெரிகிறது. மியாமியில் நடந்த முதல் ஆட்டத்துக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 22 டிகிரி அறையில் 12.5-க்கு நிரப்பிய பந்து 32 டிகிரி வெயிலில் 13.4 காட்டும். செப்டம்பர் வெயிலிலிருந்து ஜனவரிக் குளிர்வரை நீளும் ஒரு சீசனில், 12.5 முதல் 13.5 வரையிலான அந்த ஒற்றை பி.எஸ்.ஐ. சந்துக்குள் ஒரு பந்து எப்படி அடங்கும்? விதியை எழுதியவர்கள் அழுத்தத்தை எழுதினார்கள். எந்த வெப்பநிலையில் என்று எழுதவில்லை.

ஆட்டங்களை நடத்தும் லீக் சார்பில் வழக்கறிஞர் டெட் வெல்ஸ் விசாரித்தார். எக்ஸ்போனென்ட் என்ற நிறுவனம் அறிவியல் சோதனைகளைச் செய்தது. அவர்களும் அமோன்டனின் விதியைப் பயன்படுத்தியவர்கள்தான். இடைவேளையில் அளந்தபோது 11.32 முதல் 11.52 வரை காட்டவேண்டும் என்று கணித்தார்கள். அளந்த பதினோரு பந்துகளின் சராசரி ஒரு மீட்டரில் 11.49, மற்றொன்றில் 11.11. முதல் எண்ணை எடுத்துக்கொண்டால் குற்றவாளி குளிர். இரண்டாம் எண்ணை எடுத்துக்கொண்டால் சந்தேகம் மனிதர்மேல். ஆட்டத்துக்கு முன் நடுவர் எந்த மீட்டரால் அளந்தார் என்பதில்தான் எல்லாம் தொங்கியது. அவர் அந்த எண்களை எங்கும் எழுதி வைக்கவில்லை. 11.49 காட்டிய மீட்டரைத்தான் பயன்படுத்தியதாக அவருக்கு நினைவு. விசாரணை அறிக்கையோ, அவர் நினைவு தவறியிருக்கலாம், மற்றதைத்தான் பயன்படுத்தியிருப்பார் என்று முடிவு கட்டியது.

கோல்ட்ஸ் பந்துகளையும் அளந்தார்கள். நேரமில்லாததால் நான்கு மட்டும். ஆட்டத்துக்கு முன் அவை 13 வாக்கில் இருந்தவை. ஒரு மீட்டர்படி நான்குமே விதிக்குள் இருந்தன. அடுத்த மீட்டர் காட்டியது 12.35, 12.30, 12.95, 12.15, அதாவது நான்கில் மூன்று விதிக்குக் கீழே. இருந்தாலும் பேட்ரியட்ஸ் பந்துகளின் அளவுக்கு இவை இறங்கவில்லையே என்பது குற்றம் சாட்டியவர்களின் பலமான வாதம்.

அதற்குப் பதில் கடிகாரத்தில் இருக்கிறது. குளிரிலிருந்து சூடான அறைக்கு வந்த பந்து நிமிடத்துக்கு நிமிடம் வெப்பமாகிறது, இழந்த அழுத்தத்தைத் திரும்பப் பெறுகிறது. முதலில் அளந்தது பேட்ரியட்ஸ் பந்துகளை. கோல்ட்ஸ் பந்துகள் அதுவரை அறையிலேயே காய்ந்துகொண்டிருந்தன. ஈரமும் விளையாடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எதனால்? கசியும் ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால். நனைந்த தோலிலும் அதுவே நடக்கிறது. ஈரப்பந்து உலர்ந்த பந்தைவிட மெதுவாகத்தான் சூடாகும். இடைவேளையில் பந்துகள் அறைக்குள் இருந்தது சுமார் 13 நிமிடம். எந்தப் பந்தை எத்தனையாவது நிமிடத்தில் அளந்தார்கள் என்பதற்கும் பதிவு இல்லை.

அறிவியலைத் தாண்டியும் விசாரணைக்குக் கண்ணை உறுத்தும் விஷயங்கள் கிடைத்தன. பந்துப் பைகளோடு மைதானத்துக்குப் போன பேட்ரியட்ஸ் ஊழியர் வழியில் ஒரு கழிவறைக்குள் 100 விநாடி இருந்தது கேமராவில் பதிவாகியிருந்தது. ஊழியர்களின் குறுஞ்செய்திகளும் சந்தேகத்தைக் கிளறின. 2015 மே மாதம் வந்த 243 பக்க அறிக்கை, காற்றை இறக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவில் நின்றது. எம்.ஐ.டி. பொறியியல் பேராசிரியர் ஜான் லெனர்ட் அதே எண்களை வைத்துக்கொண்டு, காற்றை யாரும் இறக்கவில்லை என்று பாடம் நடத்தினார். பிரேடிக்கு லீக் விதித்த நான்கு ஆட்டத் தடையை மாவட்ட நீதிமன்றம் ரத்துசெய்தது; 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் திரும்பக் கொண்டுவந்தது. நீதிபதிகள் தீர்த்தது தண்டிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதை. பந்துக்குள் என்ன நடந்தது என்பதை அவர்கள் தீர்க்கவில்லை.

இன்னொரு சின்னக் கணக்கு. பந்தின் கொள்ளளவு சுமார் 4 லிட்டர். அதில் 1 பி.எஸ்.ஐ. இறக்கினால் வெளியேறும் காற்றின் எடை ஏறத்தாழ கிராமில் மூன்றில் ஒரு பங்கு. நாடே சண்டைபோட்டது பந்துக்கு ஒரு சிட்டிகை அரிசியின் எடையளவு காற்றுக்காக. அந்த இரவின் இரண்டாம் பாதியில் காற்றைச் சரிபார்த்து நிரப்பிய பந்துகளோடு ஆடிய பேட்ரியட்ஸ் 28 புள்ளி எடுத்தது. கோல்ட்ஸ் ஒன்றும் எடுக்கவில்லை. முடிவு 45-7. இரண்டு வாரம் கழித்து அரிசோனாவில் சியாட்டில் அணியை 28-24 என்று வென்று பேட்ரியட்ஸ் சூப்பர் பவுல் கோப்பையைத் தூக்கியது.

அடுத்த சீசனில் விதிமுறைகள் இறுகின. பந்துகளுக்கு எண் போட்டார்கள், அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள், சில ஆட்டங்களின் இடைவேளையில் திடீர்ச் சோதனையும் நடத்தினார்கள். வெயிலிலும் பனியிலும் பந்து என்ன ஆகிறது என்பதைச் சொல்லியிருக்கக்கூடிய அருமையான ஆய்வு அது. எண்களை லீக் வெளியிடவே இல்லை.

2016 ஜனவரி 10 அன்று மினசோட்டாவில் ஓர் ஆட்டம். குளிர் −21 டிகிரி. 21 டிகிரி அறையில் 13-க்கு நிரப்பிய பந்து அந்தக் குளிருக்கு முழுவதுமாக ஆட்பட்டால் மீட்டரில் 9 காட்டவேண்டும். ஃபாக்ஸ்பரோவில் பிடிபட்ட எந்தப் பந்தையும்விட இது மோசம். அதற்காக யாருக்கும் அபராதமில்லை, யார்மேலும் வழக்கில்லை. நடுக்கும் குளிரில் எல்லார் கண்ணெதிரேயும் காற்றின் அழுத்தம் தன் விதிப்படி இறங்கியது, அவ்வளவுதான்.

ஃபாக்ஸ்பரோ அறையில் எழுதிய அந்தத் தாளில் ஒவ்வொரு பந்துக்கும் எதிரே இரண்டு எண்கள் இருந்தன. பக்கத்தில் இன்னும் மூன்று எண்கள் இருந்திருந்தால் போதும்: ஆட்டத்துக்கு முன் எவ்வளவு இருந்தது, எந்த நிமிடத்தில் அளந்தார்கள், அப்போது பந்தின் வெப்பம் என்ன. 243 பக்கங்களால் ஈடுகட்ட முடியாமல் போனது அந்த மூன்று எண்களைத்தான்.