நேசிக்கும் நூலை விமர்சிக்கும் உரிமை



யாருடைய நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழரை நான் முதன்முதலில் பார்த்தது அவர் நடத்திய படிப்பகத்தில். ஊர்த்தெருவில் இருந்த நூலகத்துக்குள் காலனிப் பிள்ளைகள் நுழையவே கூசிய காலம் அது. தன் வீட்டுத் திண்ணையில் ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகங்கள் வைத்திருந்தார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்பார்: "என்ன புடிச்சுது? என்ன புடிக்கல?" முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்லிவிடுவோம். இரண்டாவதற்கு, "எல்லாமே புடிச்சுதுண்ணே" என்று சொன்னால், "அப்ப நீ சரியா படிக்கல தம்பி" என்று அதே புத்தகத்தை மறுபடி கையில் கொடுத்து அனுப்புவார்.

இன்றைய உரையின் பொருள் அந்த இரண்டாவது கேள்விதான். ஒரு நூலை உயிராக நேசிக்கிற வாசகருக்கு அதைக் குறை சொல்ல உரிமை உண்டா? நம்முடைய நூல்களை நாமே விமர்சிக்கலாமா?

இந்தக் கேள்வி எனக்கு ஏன் முக்கியமாயிற்று என்பதைச் சொல்ல, ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாசகர் கூட்டத்தில் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலைப் பற்றிப் பேசினோம். நான்தான் தலைமை. 1994இல் வந்த அந்த நாவல், தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. பின்வரிசையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுந்தார். "தோழர், இந்த நாவல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்க ஆயா கதையேதான் இது. மூணு தடவ படிச்சிருக்கேன். ஆனா ஒண்ணு கேக்கணும். ஆரோக்கியம் இவ்வளவு அழறா, எங்க ஆயா இவ்வளவு அழுததில்ல. சண்ட போடும், கேலி பண்ணும், காலனியையே கிழிச்சுப் பேசும். அந்த வாய் இதுல எங்க போச்சு?" என்றார்.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "நம்ம வலியை எழுதுன நாவலை நாமளே குறை சொல்லலாமா? வெளியாளுக்கு வாய் கொடுக்காதம்மா." அரங்கில் கைதட்டல் எழுந்தது. நான் அந்தப் பெண்ணுக்காக எதுவும் சொல்லவில்லை. "அடுத்த கேள்வி" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் எங்கள் கூட்டங்களுக்கு வரவும் இல்லை.

அன்று அவரை உட்கார வைத்தது பகைமை அல்ல, அச்சம். அதில் நியாயமும் உண்டு. நம் எழுத்தை இலக்கியமே இல்லை, புலம்பல் என்று தள்ளியவர்கள் இருந்தார்கள். நம் வழக்குமொழியைக் கொச்சை என்றார்கள். அப்படியிருக்க, நம்மவரே ஒரு குறையைச் சொன்னால் அது நாளைக்கு நமக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்ற கவலை இயல்பானது. ஆனால் அந்தக் கவலையை ஒரு சட்டமாக்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதை நம் நூல்களின் வரலாறே காட்டுகிறது.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. ஊரைத் தாழ்வாகக் காட்டிவிட்டார் என்று அவருடைய சொந்த ஊர் மக்களே கோபப்பட்டார்கள். ஏழு மாத காலம் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. அந்தக் கோபத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிடுகிறோம். என் பார்வையில் அதற்குள் இரண்டு விஷயங்கள் இருந்தன. 'எங்களைக் கேட்காமல் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டாயே' என்பது ஒன்று. அது விமர்சனம். அதற்குப் பதில் சொல்லும் கடமை எழுதியவருக்கு உண்டு. 'ஆகவே நீ ஊருக்குள் வராதே' என்பது இன்னொன்று. அது தண்டனை. முதலாவது வாசகரின் உரிமை. இரண்டாவது யாருக்கும் உரிமையல்ல. இன்னொன்றும் உண்டு: தான் நம்பிச் சேர்ந்த கன்னியர் மடத்தை உள்ளிருந்து கேள்வி கேட்ட புத்தகம் 'கருக்கு'. கேள்வி கேட்டுப் பிறந்த ஒரு நூலை, கேள்விக்கு அப்பாற்பட்டது என்று சொல்வது அந்த நூலுக்கே செய்யும் அவமரியாதை.

'கோவேறு கழுதைகள்' வந்தபோது தலித் விமர்சகர்கள் சிலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஒடுக்குகிறவன் ஊர்த்தெருவில் இருக்கும்போது, தலித்துகளையே ஒடுக்குகிறவர்களாகக் காட்டுவதா என்று கேட்டார்கள். கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் அதைக் கேட்டவர்கள் பெரும்பாலும் துணியை வெளுக்கப் போட்ட வீட்டிலிருந்து கேட்டார்கள். நான் உட்கார வைத்த பெண், துணியை வெளுத்த வீட்டிலிருந்து கேட்டார். முன்னவர்களுக்கு நாவல் அதிகம் சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணுக்கோ போதுமான அளவு சொல்லவில்லை. 'நம் நூலை நாம் விமர்சிக்கக் கூடாது' என்கிற சட்டம் இருவரையும் ஒரே மாதிரி அடக்குவதில்லை. நமக்குள்ளேயே கடைசியில் நிற்பவரைத்தான் அது முதலில் அடக்குகிறது. 'நாம்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அந்தச் சட்டம் கேட்கவிடாது.

எழுதியவரே வாசகராகத் திரும்பி வந்த ஒரு முன்னுதாரணம் நம்மிடம் இருக்கிறது. சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இல் வந்தது. ஆதிக்கச் சாதியினரால் அடிபட்ட தங்கம் என்ற பெண், காத்தமுத்து என்ற தலித் தலைவரிடம் அடைக்கலம் தேடி வருகிறார். அவளுக்காகப் போராடும் அதே தலைவர் அவளைத் தன் ஆதிக்கத்துக்குள்ளும் கொண்டுவருகிறார். ஒரு தலித் தலைவரை இப்படிக் காட்டலாமா என்ற எதிர்ப்பு எழுந்தது. சிவகாமி வாயை மூடிக்கொள்ளவும் இல்லை, கேட்டவர்களைத் துரோகிகள் என்று சொல்லவும் இல்லை. 1997இல் 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நூலையே எழுதினார். தன் நாவலை எடுத்துவைத்து, எதை ஏன் எழுதினேன், எதை விட்டேன், யாருக்கு நியாயம் செய்தேன் என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்தார். அதனால் முதல் நாவலின் மதிப்பு குறையவில்லை. இன்று இரண்டையும் சேர்த்து வைத்தே படிக்கிறோம்.

இதற்கெல்லாம் மூத்த உதாரணம் பாபாசாகேப்தான். இளம் வயதில் ஒரு தேர்வில் தேறியபோது, கேலுஸ்கர் எழுதிய புத்தர் வரலாறு அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. அன்று தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு புத்தரைப் படித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்றார். அவர் மறைந்தபின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையைப் பாருங்கள். அது கேள்விகளோடுதான் தொடங்குகிறது. முதியவரையும் நோயாளியையும் பிணத்தையும் பார்த்ததால் துறவு பூண்டார் என்ற கதையை அவர் ஏற்கவில்லை. இருபத்தொன்பது வயதுவரை ஒருவர் இவற்றைப் பார்க்காமலா இருப்பார் என்று கேட்கிறார். அதற்குப் பதிலாக, சாக்கியருக்கும் கோலியருக்கும் ரோகிணி ஆற்றுத் தண்ணீரால் வந்த சண்டையைக் காரணமாக வைக்கிறார். நான்கு உண்மைகள் புத்தரின் மூல போதனைதானா, ஆன்மா இல்லையென்றால் மறுபிறப்பு எப்படி, பிக்கு தன் நிறைவுக்காக வாழ்பவரா சமூகத்துக்காக வாழ்பவரா என்றும் கேட்கிறார். புத்தரை அவரைவிட அதிகமாக நேசித்தவர் இங்கே யார்? அந்த நேசம்தான் கேட்க வைத்தது. தன் மக்களின் கையில் ஒன்றைக் கொடுக்கப் போகிறவர், அதைச் சலித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: அதே அம்பேத்கர்தானே 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் மனுஸ்மிருதியை எரித்தார்? ஆம். மனுஸ்மிருதி மனிதரை ஆண்ட ஒரு சட்டம். எரிக்கப்பட்டது அந்த ஆட்சி. நாவல் யாரையும் ஆள்வதில்லை. தன்னைப் படிக்கச் சொல்லி மட்டுமே கேட்கிறது. 2004இல் டெல்லியில் ஒரு தலித் இலக்கிய அமைப்பினர் பிரேம்சந்தின் 'ரங்கபூமி'யை எரித்தார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அதே பிரேம்சந்தின் 'கஃபன்' கதையில் தலித் தகப்பனும் மகனும் காட்டப்பட்ட விதத்தை இந்தி தலித் எழுத்தாளர்கள் கட்டுரைகளில் கேள்விக்கு உட்படுத்தினார்கள். அந்தக் கட்டுரைகளுக்குப் பிறகு 'கஃபன்' கதையைப் பழையபடி படிக்க முடியாது. நெருப்புக்கு அப்படி ஒரு வலு கிடையாது.

நம் நூல்களைப் பாராட்டுகிற பிறருக்கும் ஒரு வார்த்தை. "இது வலியின் இலக்கியம், இதை எடைபோடக் கூடாது" என்று சிலர் பரிவோடு சொல்கிறார்கள். பிற நாவல்களில் நடையையும் கட்டமைப்பையும் பாத்திரங்களையும் பேசுபவர்கள், நம் நாவலுக்கு வந்ததும் கண்ணீரை மட்டும் பேசுகிறார்கள். தேநீர்க் கடையில் ஒழிக்கப் போராடிய இரட்டைக் குவளையை இலக்கியத்தில் ஏன் வைத்திருக்க வேண்டும்? எல்லோருக்கும் வைக்கிற அளவுகோலை எங்களுக்கும் வையுங்கள். அந்த அளவுகோலே சரியா என்பதை நாங்களும் கேட்போம்.

உரிமை என்று சொன்னால் பொறுப்பும் உண்டு. முழுக்கப் படித்துவிட்டுப் பேச வேண்டும். எழுதியவரின் பிறப்பையோ ஒழுக்கத்தையோ இழுக்காமல், பக்கத்தைக் காட்டிப் பேச வேண்டும். ஒரு நூல் எடுத்துக்கொள்ளாத வேலையை அது செய்யவில்லை என்று குற்றம் சாட்டுமுன், ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்க வேண்டும். எழுத்தாளர் நம் விமர்சனத்தை மறுத்தால், அவருக்கும் அந்த உரிமை உண்டு என்று விட்டுவிட வேண்டும்.

அந்த மாணவியின் கேள்விக்கு இன்று நான் சொல்லக்கூடிய பதில் இது. அந்த நாவலில் ஆரோக்கியத்தின் அழுகை வீணானதல்ல. அவளைப் பார்க்காமலே கடந்த நம்மை அது நிறுத்திவைத்தது. ஆனால் ஆயாவின் அந்த வாய் அதில் குறைவு என்று அவர் சொன்னதும் உண்மைதான். அதை எழுதக்கூடியவர் அவராகவே இருக்கலாம். அன்று "அடுத்த கேள்வி" என்று சொன்னதன் மூலம் ஒரு விமர்சகரை மட்டுமல்ல, ஒருவேளை ஒரு நாவலையும் நான் உட்கார வைத்திருக்கிறேன்.

தோழரின் தகரப் பெட்டி இப்போது இந்த அமைப்பின் அலுவலகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகங்களை எடுத்துப் படியுங்கள். திருப்பித் தரும்போது என்ன பிடிக்கவில்லை என்று கட்டாயம் சொல்லுங்கள். கேட்டுக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்.