பெரிய கேள்வி கதையாவது எப்படி?

எழுத வருகிறவர்களில் பலரிடம் விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. சாவு என்றால் என்ன, எதற்காக வாழ்கிறோம், கடவுள் இருக்கிறாரா என்று ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விகள் எல்லாரிடமும் இருக்கின்றன. அதை எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். மனதுக்குள் அவ்வளவு பெரிதாக இருந்தது தாளில் தட்டையாகப் படுத்துவிடுகிறது. படிப்பவர் தலையாட்டுவார், மறுநாள் மறந்துவிடுவார். திறமை போதவில்லை என்று சிலர் அத்தோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். எழுத்து உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை நம் வீட்டு இட்லி மாவை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கூட ஒரு சிட்டிகை வெந்தயம். தனித்தனியாக ஊறவைக்கிறோம். உளுந்தை முதலில் கிரைண்டரில் போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, பொங்கப் பொங்க அரைக்கிறோம். ஒரு துளி எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைபட வேண்டும். அரிசியை லேசான நறநறப்போடு எடுத்து, இரண்டையும் உப்போடு கையால் கலந்து மூடிவைக்கிறோம். காலையில் மாவு பாத்திரத்தின் விளிம்புக்கு வந்து நிற்கிறது.

யார் பொங்கவைத்தது? வெளியிலிருந்து நாம் எதையும் சேர்க்கவில்லை. உளுந்தின் மேலும் அரிசியின் மேலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் இதைச் செய்கின்றன. அவற்றில் முக்கியமானது லூகோநோஸ்டாக் மெசென்டிராய்டஸ். மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று அது அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. அமிலத்தால் புளிப்பு, வாயுவால் உப்பல். இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அரிசி மாவை மட்டும் கரைத்து வைத்தாலும் புளிக்கும், வாயுவும் வரும். ஆனால் அது குமிழாக மேலே வந்து வெடித்துப் போய்விடும், மாவு உயராது. வாயுவைப் பிடித்து உள்ளேயே நிறுத்துவது உளுந்தின் வழவழப்பு. உளுந்தின் புரதமும் அதிலிருக்கும் பிசின் போன்ற மாவுப்பொருளும் சேர்ந்து குமிழுக்கெல்லாம் சுவர் கட்டுகின்றன. அளவில் ஐந்தில் ஒன்றுதான் உளுந்து. அது இல்லாவிட்டால் இட்லி கல்லாகத்தான் வரும்.

எழுத்தில் பெரிய கேள்விதான் அரிசி. ஒரு குறிப்பிட்ட மனிதர், அவர் வீடு, அவர் பேசிய பேச்சு, அந்த அறையில் கிடந்த சாமான்கள், இவை உளுந்து. கேள்வியிலிருந்து கிளம்பும் வாயு வெளியே ஓடிவிடாமல் தாங்குவது இந்த உளுந்துதான். இதைக் கண்ணுக்கு நேரே காட்டும் உதாரணமாக ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' என்ற கதை எனக்குப் படுகிறது.

முதலில் ஊறியதைப் பார்ப்போம். 1856இல் டால்ஸ்டாயின் அண்ணன் திமித்ரி காசநோயில் இறந்தார். 1860இல் பிரான்சின் தென்கரையில் மூத்த அண்ணன் நிகோலாய் அதே நோயில், டால்ஸ்டாயின் கண் முன்னால் இறந்தார். 1869 செப்டம்பரில் டால்ஸ்டாய்க்கு 41 வயது. 'போரும் அமைதியும்' நாவல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பென்சா மாகாணத்தில் விலைக்கு வரும் பண்ணை ஒன்றைப் பார்க்கக் கிளம்பியவர், வழியில் அர்ஸமாஸ் என்ற ஊரில் இரவு தங்கினார். இரவு இரண்டு மணிக்கு, உடம்பில் ஒரு நோயும் இல்லாமல், காரணமே இல்லாத கொடிய பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொல்லியிருக்கிறார். பேரும் புகழும் சொத்தும் குடும்பமும் இருந்தவரை, இதெல்லாம் எதற்கு, எப்படியும் சாகத்தானே போகிறோம் என்ற கேள்வி அதன் பிறகு விடவே இல்லை.

அதை அவர் ஒரு தடவைக்கு மேல் எழுதிப் பார்த்தார். 'என் வாக்குமூலம்' நூலில் கேள்வியை நேருக்கு நேர் வைத்து வாதாடினார். ரஷ்யத் தணிக்கை தடுத்ததால் அது 1884இல் ஜெனீவாவில் அச்சானது. அதே ஆண்டு, அர்ஸமாஸ் இரவை வைத்தே 'ஒரு பைத்தியக்காரனின் குறிப்புகள்' என்ற கதையைத் தொடங்கினார். அது முடியவில்லை. அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது. முதலாவது உண்மையான, துணிச்சலான நூல். ஆனாலும் அதைப் படிக்கையில் ஒரு பெரிய மனிதர் தன்னோடு வாதாடுவதைத் தள்ளி நின்று கேட்கிறோம். இரண்டாவதில் பயம் கொதிக்கிறது, பயப்படுகிற ஆள் கண்ணில் தெளிவாக நிற்கவில்லை. என் கணிப்பில் இரண்டிலும் அரிசிதான் தூக்கல்.

உளுந்து வேறு வீட்டிலிருந்து வந்தது. டால்ஸ்டாயின் யாஸ்னயா பொல்யானா பண்ணைக்குப் பக்கத்து நகரம் தூலா. அங்கே நீதிமன்றத்தில் வேலை பார்த்த இவான் இலியிச் மெச்னிகோவ் என்பவர் 1881இல் நோய்வாய்ப்பட்டு, 45 வயதில் இறந்தார். கடைசி நாட்களில் தன் வாழ்க்கை வீணாய்ப் போய்விட்டதே என்று அவர் பேசியதை அவர் மனைவி டால்ஸ்டாயின் மைத்துனியிடம் சொல்ல, அவர் டால்ஸ்டாயிடம் சொன்னார். இந்த இவானின் தம்பிதான் விஞ்ஞானி இலியா மெச்னிகோவ். நோய் எதிர்ப்பு ஆற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு பெற்றவர். புளித்த பாலில் இருக்கும் பாக்டீரியாக்கள் முதுமையைத் தள்ளிப்போடும் என்று நம்பி எழுதியவரும் அவரே. அண்ணன் இறக்கும்போது தம்பி அருகில் இருந்தார். பிறகு 1909இல் யாஸ்னயா பொல்யானாவுக்குப் போய் டால்ஸ்டாயைச் சந்தித்தார். ஒரே சாவு ஒருவரை ஆயுளை நீட்டும் வழி தேடவும், இன்னொருவரை ஒரு கதை எழுதவும் வைத்தது என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. அவ்வளவு நேராகக் கோடு போட முடியாதுதான். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே கேள்வியின் முன்னால் நின்றவர்கள்.

இனி அரைத்த விதம். கதையில் இவான் இலியிச் புது வீட்டுக்குப் போகிறார். திரைச்சீலை எப்படித் தொங்க வேண்டும் என்று வேலைக்காரருக்குக் காட்ட ஏணியில் ஏறுகிறார். கால் தவறுகிறது, விழாமல் சமாளித்துவிடுகிறார், விலாவில் மட்டும் ஜன்னல் குமிழ் இடிக்கிறது. கொஞ்ச நாளில் வலி போய்விடுகிறது. பிறகு வேறு உருவில் திரும்பி வந்து ஆளையே கொல்கிறது. எதற்காக வாழ்ந்தோம் என்ற அவ்வளவு பெரிய கேள்வி ஒரு திரைச்சீலையின் மடிப்புக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. வரவேற்பறை அழகாக இருக்க வேண்டும், பார்ப்பவர் மெச்ச வேண்டும் என்று வாழ்ந்த மனிதர் அந்த அழகுக்கே உயிரைக் கொடுத்தார் என்பதை டால்ஸ்டாய் வாதாடி நிறுவவில்லை. ஏணியில் ஏற்றிவிட்டார், அவ்வளவுதான்.

துக்கம் கேட்க வந்த நண்பர் ஸ்பிரிங் வைத்த தாழ்வான இருக்கையில் உட்கார்கிறார். அது அடியில் துள்ளிக்கொண்டே இருக்கிறது. விதவையின் கறுப்புச் சால்வை மேஜை விளிம்பில் மாட்டிக்கொள்கிறது. அதை விடுவிக்க அவர் எழுந்தால் இருக்கை இன்னும் துள்ளுகிறது. இதற்கு நடுவில் அந்த அம்மாள், அரசாங்கத்திடமிருந்து இன்னும் கொஞ்சம் பணம் வாங்க வழி உண்டா என்று விசாரிக்கிறார். என் பாட்டி இறந்த வீட்டில், வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு முன்பணம் கட்டிய ரசீதைப் பெரியவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அந்தக் கதையைப் பிறகு படித்தபோது, சாவு வீட்டில் அன்று எனக்கு மூச்சு முட்டியது எதனால் என்று விளங்கியது.

இறந்துகொண்டிருக்கும் இவான் இலியிச், எல்லா மனிதரும் சாவார்கள் என்று பள்ளியில் படித்த தர்க்கப் பாடத்தை நினைக்கிறார். அது பாடப்புத்தகத்து மனிதனுக்குப் பொருந்தும், தனக்கு எப்படிப் பொருந்தும் என்று திகைக்கிறார். தான் அம்மாவும் அப்பாவும் பொம்மைகளும் இருந்த ஒரு சின்னப் பையன் ஆயிற்றே. அவன் ஆசைப்பட்ட, கோடு போட்ட தோல் பந்தின் வாசனை அந்தப் பாடப்புத்தகத்து மனிதனுக்குத் தெரியுமா? சாவைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்டவற்றில் இதைவிடக் கூர்மையான இடத்தை நான் படித்ததில்லை. பந்தின் வாசனையை எடுத்துவிடுங்கள், மிஞ்சுவது தத்துவ வகுப்பு. அதேபோல, வீட்டில் எல்லாரும் 'சரியாகிவிடும்' என்று பொய் சொல்லும்போது, கெராசிம் என்ற இளம் பணியாள் மட்டும் பொய் சொல்வதில்லை. எஜமானின் வலி தணிய, அவர் கால்களைத் தன் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். அன்பு என்றால் என்ன என்று டால்ஸ்டாய் விளக்கம் சொல்வதில்லை. தோளும் கால்களும் போதும்.

புளிக்க நேரம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அர்ஸமாஸிலிருந்து கதை வெளியான 1886 வரை பதினேழு ஆண்டுகள். ஆனால் சும்மா காத்திருப்பதைப் புளிக்கவைப்பது என்று சொல்லக் கூடாது. பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி புவான்காரே, குதிரை வண்டிப் பேருந்தின் படியில் கால் வைத்த கணத்தில் ஒரு தீர்வு பளிச்சிட்டது என்று எழுதியிருக்கிறார். அந்தப் படியை எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு முன் பதினைந்து நாள் மேஜையில் உட்கார்ந்து அவர் முட்டி மோதியதைச் சொல்வதில்லை. அரைக்காத உளுந்தை எத்தனை நாள் மூடிவைத்தாலும் மாவாகாது, ஊசிப்போகும்.

கடைசியில் தட்டும் ஆவியும். பொங்கிய மாவை அப்படியே சாப்பிட முடியாது, ஒரு வடிவத்தில் ஊற்றி வேகவைக்க வேண்டும். டால்ஸ்டாய் இதை முதலில் இவான் இலியிச்சின் நாட்குறிப்பாக எழுத நினைத்தார். பிறகு மாற்றிப் படர்க்கையில் சொன்னார். அதோடு, சாவு அறிவிப்பைக் கதையின் முதலிலேயே வைத்துவிட்டார். பிழைப்பாரா என்ற பரபரப்பு அங்கேயே தீர்ந்துபோகிறது, எப்படி வாழ்ந்தார் என்று பார்ப்பது மட்டும் நமக்கு மிஞ்சுகிறது. ஒரே மாவுதான். நாட்குறிப்பில் ஊற்றியிருந்தால் இறப்பவரின் குரல் மட்டும் கேட்டிருக்கும். அந்தத் துள்ளும் இருக்கை நமக்குக் கிடைத்திருக்காது.

மாவு அளவுக்கு மீறிப் புளிப்பதும் உண்டு. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்ற உறுதி வந்தபின் எழுதும் எழுத்தில் புளிப்பு ஏறிவிடுகிறது. 1899இல் வந்த 'புத்துயிர்ப்பு' நாவலில் அற்புதமான சிறைக் காட்சிகளுக்கு இடையே போதனை தூக்கலாக இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. 'இவான் இலியிச்'சின் முடிவில்கூட அந்த நெடி லேசாக வீசுகிறது என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

ஆகவே, எழுத உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்வியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது உங்களிடம் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது. அப்பா இறந்த அன்று வீட்டில் எது எங்கே கிடந்தது, யார் என்ன கேட்டார்கள், யார் பொய் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று முதலில் எழுதுங்கள். 'இவான் இலியிச்சின் மரணம்' தமிழில் கிடைக்கிறது, எழுதும் முன்பு வாங்கிப் படித்துவிடுங்கள். பன்னிரண்டே சின்ன அத்தியாயங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.