மொழியியல் கல்வி

நாள்தோறும் நாம் பேசுகின்றோம். பிறர் பேசக் கேட்கின்றோம். ஆயினும், பேச்சு எவ்வாறு இயல்கின்றது என எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. நீரில் வாழும் மீன் நீரை நினையாதவாறு போல, மொழியில் வாழும் நாமும் மொழியை நினைப்பதில்லை. அம்மொழியையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு, அதன் ஒலியையும் சொல்லையும் தொடரையும் பொருளையும் முறையாக ஆராயும் துறை மொழியியல் எனப்படும். இன்று பல்கலைக்கழகங்களில் இது தனித்துறையாக விளங்குகின்றது.

இலக்கணம் கற்றார்க்கு மொழியியல் எதற்கு என்று வினவுவார் உளர். யானும் ஒரு காலத்தில் அவ்வாறு வினவியவனே. என் எண்ணம் மாறிய வரலாற்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும்.

யான் தமிழாசிரியனாகப் பணிபுரிந்த நாளில், சிற்றூரிலிருந்து வந்த மாணவன் ஒருவன் வகுப்பில் எழுந்து, "ஐயா, பாடம் படிச்சேன், கணக்கும் முடிஞ்சது" என்றான். "படித்தேன், முடிந்தது என்று சொல், கொச்சை பேசாதே" என்று கடிந்தேன். வகுப்பு முழுவதும் நகைத்தது. அன்று முதல் அச்சிறுவன், வினா எழுப்பியபோதும் தலைகுனிந்து நின்றானேயன்றி வாய் திறந்திலன்.

ஆண்டுகள் பல சென்றன. பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்றுவந்த என் பழைய மாணவர் ஒருவர் ஒருநாள் என் இல்லம் வந்தார். "ஐயா, படித்தான் என்பதை மக்கள் படிச்சான் என்கின்றனர். எடுத்தான் என்பதை எடுச்சான் என்பார் உண்டா? முடிந்தது முடிஞ்சது ஆகின்றது. நடந்தது நடஞ்சது ஆவதில்லையே, ஏன்?" என்று வினவினார். யான் விடையறியாது இருந்தேன். ஐந்து என்பது அஞ்சு என வருதல் போலி என ஆண்டுதோறும் கற்பித்தவன் யான். அம்மாற்றத்திற்குள் ஒரு நெறி இருக்கக்கூடும் என ஒருநாளும் எண்ணியதில்லை.

அவரே விளக்கினார். இகரம், ஐகாரம், யகரமெய் ஆகியவற்றை ஒலிக்குங்கால் நா அண்ணத்தை நோக்கி எழுகின்றது. அவற்றின் பின்னே வரும் தகரமும் அவ்விடத்திற்கு ஈர்க்கப்பட்டுச் சகரமாகின்றது. ஆதலின் படித்தான் படிச்சான் எனவும், காய்ந்தது காஞ்சது எனவும் வழங்குகின்றன. அகரமும் உகரமும் முன்னே நின்றால் அவ்வீர்ப்பு இல்லை. நடந்தது, எடுத்தான் என்பவற்றின் தகரம் மாறாது நிற்கின்றது. பள்ளியின் வாயிலை மிதியாத உழவரும் இந்நெறியைப் பிழையாது போற்றுகின்றனர். கொச்சை என்று யான் தள்ளியதனுள்ளும் ஓர் இலக்கணம் இருந்தது. அச்சிறுவன் பிழை செய்திலன். அவன் பேச்சைச் செவி கொடுத்துக் கேளாத யானே பிழை செய்தேன். எழுதுங்கால் எழுத்து வழக்கு வேண்டும். அதனை அவன் வீட்டுமொழியை இகழாமலே கற்பித்திருக்கலாம்.

இந்நோக்கு நமக்குப் புதியதன்று. தொல்காப்பியர் செய்யுளை மட்டுமன்றி உலக வழக்கையும் ஆராய்ந்தே நூல் செய்தார் என்று பாயிரம் கூறும். எழுத்தொலிகள் பிறக்கும் இடங்களையும் முயற்சியையும் அவர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். பிற்காலத்தில் மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் முறை வளர்ந்தது. 1786-இல் வில்லியம் ஜோன்ஸ், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்தினின்று பிறந்திருத்தல் வேண்டும் என்றார். 1816-இல் எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் ஓரினத்தன எனக் காட்டினார். 1856-இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார்.

மொழியியலின் உண்மைகளை வாழ்க்கைக்குப் பயன்படுத்துவது பயன்பாட்டு மொழியியல் ஆகும். எடின்பரோப் பல்கலைக்கழகம் 1957-இல் இதற்கெனத் தனிப்பள்ளி நிறுவியது. மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969-இல் தோன்றியது. இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். இந்தியைத் தாய்மொழியாக உடைய ஒருவர் தமிழ் கற்கத் தொடங்குகின்றார். அவர்தம் மொழியில் ககர இனத்து வல்லொலிக்கு நான்கு எழுத்துகள் உண்டு. தமிழிலோ ஒன்றே உண்டு. கடல், பக்கம், தங்கம், அகம் என்னும் சொற்களில் ககரம் ஒருபடித்தாக ஒலிக்கவில்லையே என அவர் மயங்குகின்றார். ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்க என்பது பயன் தராது. தமிழ்ச் சொற்களில் முதலிலும் இரட்டித்தவிடத்தும் ககரம் வல்லென ஒலிக்கும். மெல்லெழுத்தின் பின் அதிர்வு பெறும். இரண்டு உயிர்களின் இடையே நெகிழும். இவ்வொரு விதியை உணர்ந்த ஆசிரியர், மாணவரின் பெருஞ்சுமையைக் குறைத்துவிடுகின்றார். அகராதி தொகுத்தல், மொழிபெயர்த்தல், திக்குவாய் முதலிய பேச்சுக் குறைகளை நீக்குதல் ஆகியவற்றிற்கும் இக்கல்வி துணை செய்கின்றது.

எழுத்தில்லாத மொழிகளுக்கு மொழியியலார் செய்யும் தொண்டு இன்னும் பெரிது. யேல் பல்கலைக்கழகத்தில் பயின்ற எமனோ என்னும் அறிஞர், 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கினார். நீலகிரி மலையில் தோடரும் கோத்தரும் பேசுவதைக் கேட்டு, அவர்தம் மொழிகளை ஒலிப்பிழையின்றி எழுதிக்கொண்டார். அவரும் பர்ரோ என்னும் அறிஞரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961-இல் வெளிவந்தது. அதன்கண் ஏட்டில் ஏறாத அம்மலைமொழிச் சொற்கள் தமிழ்ச் சொற்களோடு உடன்பிறந்தார் போல ஒருங்கு நிற்கின்றன. கேட்பாரின்றி அழியும் மொழி, தன் இனமொழிகளின் வரலாற்றிலும் ஒரு பகுதியைத் தன்னுடன் கொண்டு செல்கின்றது.

ஆதலின், மொழியியல் கற்க விழைவோர் முதலிற் பயில வேண்டுவது கேட்டல் ஆகும். மூதாட்டியின் பேச்சையும், மலைவாணரின் பேச்சையும், மழலையின் பேச்சையும் இகழாது கேட்கும் செவியே அக்கல்விக்கு வாயில். அச்செவியை யான் முதுமையிற் பெற்றேன். நீங்கள் இளமையிலேயே பெறுவீர்களாக.